முகப்பும் முற்றமும்

அயர்லாந்தின் ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் என்றால் தேவாலயமும் நீதிமன்றமும் ரயில் நிலையமும்தான் முதலில் பேசப்படுகின்றன. ஊரின் ஓரத்தில் அதே கல்லில் எழுந்த ஏழைவிடுதிகளைப் பற்றிய பேச்சு தயங்கித் தயங்கித்தான் வருகிறது.

1838-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் நாட்டை 130 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு விடுதி என்று வகுத்தது. அவற்றை வடிவமைத்தவர் ஜார்ஜ் வில்கின்சன் என்ற ஆங்கிலேயர். குறைந்த செலவு, நீண்டநாள் உறுதி, அளவொத்த அமைப்பு என்பவை அவருக்கு இடப்பட்ட வரம்புகள். அதற்குள் நின்று கண்ணுக்கு இதமான முக்கோண முகடுகளை முகப்புக்குத் தந்தார். உள்ளே சுவர்களுக்குப் பூச்சில்லை, சுண்ணாம்பு மட்டும். கட்டிலுக்குப் பதில் நீண்ட மேடையில் வைக்கோல். வாசலைத் தாண்டியதும் கணவன் ஒரு முற்றத்துக்கும் மனைவி இன்னொரு முற்றத்துக்கும் போகவேண்டும். இரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்குத் தாயிடமும் இடமில்லை. இந்தப் பிரிவினை காவலர்களின் கடுமையால் மட்டும் நேர்ந்ததல்ல. வரைபடத்திலேயே அது இருந்தது. நடுவில் எழுந்த மதில்களே அதைச் செய்து முடித்தன.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழிக்கத் தொடங்கியபோது, எவரும் விரும்பி வரக்கூடாது என்பதற்காகவே கடுமையாக அமைக்கப்பட்ட இடத்தின் வாசலில் மக்கள் திரண்டு நின்றார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் உதவி கிடையாது என்று 1847-இல் ஒரு விதி வந்தது. பிழைக்க வேண்டுமானால் நிலத்தைக் கைவிட வேண்டும். கைவிட்டால் திரும்பிப் போக வீடில்லை. அந்த ஆண்டுகளில்தான் கில்லார்னியில் கட்டடக்கலைஞர் பியூஜின் வடிவமைத்த பேராலயத்தின் வேலை நின்று, முடிவுறாத அந்தக் கட்டடம் பஞ்சத்தில் வாடியவர்களுக்குப் புகலிடமானது. கட்டியவர்கள் நினைத்திராத அந்தப் பயன், அதன் கோபுரத்தைவிடப் பெரிதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அயர்லாந்தின் விடுதலைக்குப் பிறகு பல விடுதிகள் மருத்துவமனைகளாயின, முதியோர் இல்லங்களாயின. பெயர் மாறிய பின்னும் அந்த வாசலுக்குள் போக முதியவர்கள் அஞ்சினார்கள். அவர்களது அச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட நம்மால் முடியாது; கட்டடத்தை இடித்துவிட்டால் அந்த அச்சம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. முகப்பை மட்டும் நிறுத்திவைத்து, பின்னால் அடுக்ககம் எழுப்புவது இரண்டையும்விட மோசமானது. அழகு மிஞ்சும், அது எதை மறைத்து நின்றது என்பது போய்விடும். பஞ்சத்தின் கொடுமை ஓயும் நேரத்தில், 1852-இல் திறந்த போர்ட்டும்னா விடுதி இன்று அருங்காட்சியகம். அங்கே ஆண்கள், பெண்கள், சிறுவர், சிறுமியரின் முற்றங்களையும் மதில்களையும் தனித்தனியே பார்க்கலாம்.