திலகவதியார் தாங்கிய துயர்

சைவக் கிராமங்களில் பெரியபுராணப் படிப்பு நடைபெறும் காலங்களில், திருநாவுக்கரசு நாயனார் புராணம் வரும் நாளில் கேட்போர் தொகை சற்றுக் கூடுவதுண்டு. நாயனாரை நீற்றறையில் இட்டதும், யானையை ஏவியதும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதும் எத்தனை முறை கேட்டாலும் தெவிட்டாதவை. ஆனால் அப்புராணத்தின் முற்பகுதியில், பயன் சொல்வோர் பெரும்பாலும் விரைவாகக் கடந்து போகும் சில செய்யுட்கள் உள. ஒரு குடும்பத்தின் மீது அடுத்தடுத்து விழுந்த துன்பங்களை அவை கூறுகின்றன. உளநெருக்கீடு என்ற சொல் வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் அடிக்கடி கேட்கப்படும் இக்காலத்தில், அப்பகுதியை நிதானமாக நோக்குவது அடியார்களுக்குப் பயன்தரும்.

திருவாமூரிலே புகழனார், மாதினியார் என்னும் பெற்றோருக்குத் திலகவதியாரும் மருணீக்கியாரும் பிள்ளைகள். திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். மணமகன் அரசன் ஏவலால் போருக்குப் போனார். அவர் திரும்பி வருமுன் புகழனார் இறந்தார். கணவரைத் தொடர்ந்து மாதினியாரும் மறைந்தார். பெற்றோரை இழந்த கண்ணீர் காயுமுன் கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்தது. தந்தை, தாய், கணவராக வரவிருந்தவர் என மூவரையும் அடுத்தடுத்து இழந்த இளம்பெண் உயிரை விடத் துணிந்தார். அப்போது தம்பி அக்காவின் காலடியில் விழுந்து, அவர் போனால் தாம் அவருக்கு முன்னே போய்விடுவதாக அழுதார். தம்பிக்காகத் தமக்கையார் உயிர் தாங்கி நின்றார்.

சேக்கிழார் பெருமான் இதனைத் தம்பியின் மேல் வைத்த கருணை என்று காட்டுவார். அது உண்மை. அதனோடு மற்றொன்றும் கருதத்தக்கது. திலகவதியாரின் துயர் அன்று தீரவில்லை, ஆனால் இறந்துபட வேண்டும் என்ற அந்த நாழிகை கடந்து போயிற்று. அது கடந்து போகும்படி ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

இந்த நாழிகை எவ்வளவு முக்கியமானது என்பதை இலங்கையின் அனுபவமே உலகுக்குக் காட்டியது. 1995ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. கமத்தொழில் ஊர்களில் பெரும்பாலான மரணங்களுக்குப் பூச்சிகொல்லி மருந்தே கருவியாயிற்று. 1995இலும் 1998இலும் கொடிய நஞ்சுள்ள சில மருந்து வகைகள் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் நாட்டில் துன்பம் பாதியாகக் குறைந்ததென்று எவரும் சொல்லமாட்டார். யுத்தமும் இருந்தது, 2004இல் ஆழிப்பேரலையும் வந்தது. கொல்லும் நஞ்சு கைக்கெட்டாமற் போனதனால் பலர் அந்த நாழிகையைக் கடந்து பிழைத்தனர். தோட்டம் செய்யும் வீடுகளில் மருந்துப் போத்தலைப் பூட்டி வைத்துத் திறப்பை ஒருவர் பொறுப்பில் விடுவது சிறிய காரியமாகத் தோன்றலாம். கோபத்திலும் அவமானத்திலும் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பூட்டு, அன்று தமக்கையார் காலைப் பிடித்த தம்பியாகும்.

இனி, நெருக்கீடு உடம்பில் என்ன செய்கிறது என்பதைச் சிறிது காண்போர் அஞ்ச வேண்டியதில்லை. ஒழுங்கையில் பாம்பு குறுக்கிட்டால் நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது, கால் தானே பின்வாங்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்த சிறு சுரப்பிகளிலிருந்து அதிரினலின், கோட்டிசோல் முதலிய ஓமோன்கள் இரத்தத்தில் கலப்பதே இதன் காரணம். ஈரல் சீனியை இரத்தத்துக்கு விடுகிறது, பிறசர் ஏறுகிறது, சமிபாடு தாமதிக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ வேண்டிய பலம் இவ்வாறு கிடைக்கிறது. பாம்பு போனதும் யாவும் தணிந்துவிடும். இறைவன் உயிருக்குத் தந்த காவல் இது எனலாம்.

கடன், வழக்கு, பிள்ளையின் பரீட்சை, வெளிநாடு போன மகனிடமிருந்து வராத அழைப்பு ஆகியன பாம்பைப்போல் ஒழுங்கையைக் கடந்து போவதில்லை. அவை வீட்டுக்குள்ளே மாதக்கணக்கில் படுத்திருக்கின்றன. உடம்போ பாம்பென்றே எண்ணி ஓய்வின்றிக் காவல் நிற்கிறது. நித்திரை குறைகிறது, தலையிடி வருகிறது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன, பிறசரும் சீனியும் கட்டுக்குள் நிற்க மறுக்கின்றன, ஞாபகம் தடுமாறுகிறது, சிறு சொல்லுக்கும் கோபம் மூள்கிறது. சிலர் கோபத்தைத் தணிக்கச் சாராயத்தை நாடுவர். அதனால் நெருக்கீடு ஒருவரிடமிருந்து குடும்பம் முழுவதற்கும் பரவுகிறது. நீடித்த நெருக்கீட்டில் உடம்பு படிப்படியாகக் களைத்துப் போவதைக் கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்ற அறிஞர் 1936இல் எலிகளை வைத்து ஆராய்ந்து எழுதிய பின்னரே, மருத்துவ உலகம் இதனைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது.

மீண்டும் புராணத்துக்கு வரலாம். மருணீக்கியார் வளர்ந்து, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்து, நிலையாமையை எண்ணி எண்ணிச் சமணம் புகுந்து தருமசேனர் ஆனார். அங்கேதான் சூலைநோய் அவரைப் பற்றியது. அது அவரை ஆட்கொள்ள இறைவன் தந்த சூலை என்பது புராணம். அதனை மருத்துவ நூலாக்கி, பிள்ளைப் பருவத் துயரே வயிற்று வலியாயிற்று என்று சிலர் மேடையில் விளக்குவது பொருத்தமன்று. வயிற்றுப்புண் எல்லாம் கவலையால் வருவதென்று வைத்தியரும் ஒருகாலம் நம்பினர். பெரும்பாலானவற்றுக்கு ஒருவகைப் பற்றீரியாவே காரணம் எனக் கண்ட அவுஸ்திரேலிய வைத்தியர் இருவருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வயிற்று வலியோடு வந்தவரை ‘யோசினையை விடு, எல்லாம் சுகமாகும்’ என்று திருப்பி அனுப்புவது தவறு. நெஞ்சு நோவுக்கும் இது பொருந்தும். முதலில் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

புராணத்தில் கற்கத்தக்கது வேறு. நோய் தாங்க முடியாதபோது தருமசேனர் தம் மதிப்பையும் பட்டத்தையும் எண்ணி மறைத்திருக்கவில்லை. தமக்கு உணவு சமைப்பவனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். அவர் அங்கு வரமாட்டேன் என்றதும், இரவோடிரவாகத் தாமே திருவதிகை போய் அவர் காலில் விழுந்தார். பெரிய கல்விமான் ஒருவர் ‘என்னால் தாங்க முடியவில்லை’ என்று சொன்ன இடம் அது. தமக்கையாரும் நீண்ட உபதேசம் தொடங்கவில்லை. எழுந்திருக்கச் சொன்னார், திருநீறு கொடுத்தார், விடியுமுன் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு அழைத்துச் சென்றார். துயருற்றவரிடம் ‘உன் வினைப்பயன்’ என்று சொல்வதைச் சித்தாந்தம் பேசுவதாக எண்ணுவோர் ஊருக்கு ஊர் உள்ளனர். தன் துன்பத்தைத் தான் பொறுக்க உதவும் எண்ணத்தைப் பிறர் துன்பத்தின்மேல் எறிவது சிவநெறியாகாது.

ஈழத்தில் இதனை மிகக் கவனமாக எண்ணவேண்டிய வீடுகள் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்த பின்னும் பிள்ளை எங்கே என்று அறியாத தாய்மார் பலர். இறந்தார் எனத் தெரிந்தால் அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு, அழுது முடிக்க ஒரு நாள் உண்டு. இவர்களுக்கு அந்நாளே இல்லை. மோட்ச விளக்கு ஏற்றினால் பிள்ளையைத் தாமே கைவிட்டதாக நெஞ்சு குத்தும், ஏற்றாவிட்டால் கடமை தவறியதாகக் குத்தும். அமெரிக்க அறிஞர் பாலின் பொஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். ஏனைய துக்கங்களைப்போல் இது காலத்தால் ஆறிவிடும் என எதிர்பார்க்க முடியாது என்பதே அவர் கூற்றின் சாரம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் தம் போராட்டத்தைத் தொடங்கிய இடம் கந்தசுவாமி கோயில் முன்றல். அவர்கள் வேறெங்கும் போகாமல் கோயில் வாசலுக்கு வந்தது சிந்திக்கத்தக்கது. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும் தாயிடம் ‘ஆள் இருக்கிறாரா’ என்று கேட்காமல், சொன்ன பெயரை அப்படியே சொல்லி அர்ச்சிப்பதே அவ்விடத்தில் செய்யத்தக்க பேருதவி.

திலகவதியார் திருவதிகையில் நாள்தோறும் செய்த தொண்டு அலகிடுதல், மெழுகுதல், மாலை கட்டுதல். மூன்றும் கைவேலை. கவலையுற்றவர் தனியே இருந்து எண்ணுவதை விட, குனிந்து நிமிர்ந்து வீதி கூட்டுவதும், நாலு பேரோடு இருந்து பூத்தொடுப்பதும், மடப்பள்ளியில் காய்கறி வெட்டுவதும் மனத்துக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைத் திருவிழாக் காலத்தில் கண்கூடாகக் காணலாம். வெளிவீதியை மெல்ல வலம் வருதலும் தேவாரத்தை நிறுத்தி நிறுத்திப் பாடுதலும் அத்தகையன. இத்தாலிய ஆய்வாளர் சிலர் 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றில், செபமாலையோ மந்திரமோ சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாக நிதானப்பட்டு இதயத்தின் ஒழுங்கும் சீர்ப்படுவதை அளந்து காட்டினர். 23 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். எனினும் அஞ்செழுத்தை அவசரமின்றிச் செபித்தவர்கள் அதனை முன்னமே அறிந்திருப்பர்.

ஆயினும் கோயில் வைத்தியசாலையின் வேலையைச் செய்யமாட்டாது. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் பசியும் இன்றி, எதிலும் விருப்பமின்றி, உயிர் பாரமாகத் தோன்றுமானால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்துண்டு, உளவளத்துணையும் உண்டு. பேய் பிடித்ததென்று நூல் கட்டி, ஊர் அறியக்கூடாதென்று அறையில் பூட்டி வைத்துக் காலம் கடத்திய பின் வருவோரைக் குணமாக்குவது கடினம். நூல் கட்டுவதைத் தடுக்கவேண்டியதில்லை, நூலோடு கிளினிக்குக்கும் கூட்டிப் போகலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம்.

கந்தசஷ்டி விரதத்தையிட்டும் ஒன்று. முருகனிடம் குறை சொல்லி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கும் அடியார்களுட் சிலர் பிறசர்க் குளிசையையும் மனநோய்க் குளிசையையும் விரதத்துக்காக நிறுத்துகின்றனர். சீனி வருத்தக்காரரோ குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து, சீனி இறங்கி வீதியிலே மயங்குகின்றனர். விரதம் தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்னரே கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போய், எதை எந்நேரம் எடுப்பது, எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்டு எழுதுவித்துக் கொள்ளவேண்டும். மருந்துக்குக் குடிக்கும் ஒரு மிடறு தண்ணீரால் விரதம் முறியாது.