வெண்கலத்தைத் தாண்டி

கோடைக்கானல் ஏரிக்கரையில் நடக்கும்போது நாம் ஒரு பெயரைக் கேட்கிறோம். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவர், 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி இந்த ஏரியை உண்டாக்கினார் என்பர். திட்டமிட்டவர் அவர், மண் சுமந்தவர்கள் யாவர்? மோட்டார்ச் சாலை வருமுன், பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான பாதையில் துரைமார்களை டோலியில் வைத்து, பழனி மலைமேல் தோளில் சுமந்து ஏறியவர்கள் யாவர்? அவர்களை நினைவுகூர நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை.

பெயரற்றோரைக் கலை நினைவிற்கொள்ள முடியுமா? முடியுமெனில், நாம் அவர்களுக்குப் பட்ட கடன் அதனால் தீருமா?

இவ்வினாவோடு மலையிறங்கினால், மனம் சென்னைக் கடற்கரையின் உழைப்பாளர் சிலை முன்னே போய் நிற்கிறது. 1959-இல் நிறுவப்பட்ட அச்சிலையைப் படைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899-1975). ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடமும், சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடமும் முறையாகப் பயின்றவர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக விளங்கியவர். அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர்.

அவர் வடித்த காந்தியடிகள் சிலையும் அதே ஆண்டில் அதே கடற்கரையில் எழுந்தது. உலகறிந்த ஒருவரை வடித்த கையே, ஊர் அறியாத நால்வரையும் வடித்தது. இரண்டிலும் அக்கை ஒரே சிரத்தையைக் காட்டியது. முதுகின் திரட்சி, காலின் ஊன்றல், நரம்பின் முறுக்கு என்று பல்லாண்டுப் பயிற்சி தந்த நுட்பம் அனைத்தையும் கூலியாளின் உடலுக்கும் குறைவின்றி வழங்குவது கலைஞனின் நீதி. அந்நால்வர் பெயர்க்க முனையும் பாறை இன்னும் புரண்டுவிடவில்லை. ஆயினும் ‘உழைப்பின் வெற்றி’ என்றே அதற்குப் பெயர். கூடி முயல்வதையே கலைஞர் வெற்றியெனக் கண்டார் போலும்.

உருவம் சமைப்பதில் தயக்கம் கொண்ட மரபில் வளர்ந்தவர்கள் நாம். அத்தயக்கத்தின் உட்பொருள் இங்கே நமக்குத் துணை செய்கிறது. மரியாதை உருவத்தோடு நின்றுவிடுமோ என்பதே அந்த அச்சம். மே நாளில் சிலைக்கு மாலை சூட்டிவிட்டு, மறுநாள் மூட்டை தூக்குபவரிடம் கூலிக்குப் பேரம் பேசினால், நாம் வணங்கியது உழைப்பையன்று, வெண்கலத்தையே. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அதற்குச் சிலை ஒருபோதும் ஈடாகாது.

அப்படியாயின் சிலை வீணா? அன்று. அது கடனைத் தீர்ப்பதில்லை. கடன் உண்டென்பதை மறக்கவொட்டாமல் செய்கிறது. கலையிடம் அதற்குமேல் கேட்பது முறையன்று. எஞ்சியதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்.

அடுத்தமுறை மலையேறும்போது, நம் பெட்டியைச் சுமந்து மேட்டில் ஏறுபவரின் முகத்தை ஒருகணம் பார்ப்போம். அவர் பெயரைக் கேட்போம். உரிய கூலியைக் குறையாமல் கொடுப்போம்.