தண்டு வலித்தவர்கள்

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இடத்தைவிட ஆள் அதிகம் என்பது எனக்குப் புதிய சங்கதியல்ல. ஆர்.ஏ.சி. என்று போட்டு ஒரே பக்கவாட்டு இருக்கையில் இரண்டு பேரை உட்காரவைத்து, விடியும்வரை அவர்கள் முறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அரை இடம்தான் என்பது டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். விமானக் கம்பெனிகள் அப்படிச் சொல்லி விற்பதில்லை. எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு, அந்த இடங்களையும் முன்கூட்டியே விற்றுவிடுகிறார்கள். கணக்கு பிசகினால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அது யார் என்பது எனக்கு வெறும் வியாபாரக் கேள்வியாகப் படவில்லை.

2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் நடந்ததில் அந்தக் கணக்குப் பிசகுகூட இல்லை. லூயிவில் போகும் யுனைடெட் எக்ஸ்பிரஸ் 3411-இல் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, லூயிவில்லில் வேலைக்கு நிற்க வேண்டிய ஊழியர்கள் நாலு பேருக்கு இடம் வேண்டும் என்றார்கள். இறங்குகிறவருக்கு 400 டாலர் கூப்பன் என்றார்கள். பிறகு 800 என்றார்கள். ஒருவரும் எழவில்லை. கம்ப்யூட்டர் நாலு பேரைப் பொறுக்கியது. மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். நாலாமவர் 69 வயது மருத்துவர். காலையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், முடியாது என்றார். விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் அவரைப் பிடுங்கி எடுத்து, நடைவழியில் தரதரவென்று இழுத்துப்போனார்கள். மூக்கு உடைந்தது, முன்பற்கள் இரண்டு போயின.

எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில், ஆண்டவரின் கட்டளைக்குத் தப்பிக் கப்பலேறிய யோனாவின் கதையை, புயல் யாரால் வந்தது என்று மாலுமிகள் சீட்டுப் போடும் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பையன் இந்தச் சம்பவத்தைக் கொண்டுவந்து போட்டான். “சார், கப்பல்ல சீட்டு யோனா பேர்ல விழுந்தது ஆண்டவர் செயல்னா, கம்ப்யூட்டர் அந்த டாக்டரைத் தேர்ந்தெடுத்ததும் ஆண்டவர் செயல்தானே?”

குதர்க்கம் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் ஏறிவிட்ட பயணி ஒருவரை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டிலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மனிதர்கள் தங்கள் கையிலிருந்து நழுவவிடுகிறார்கள்.

முதலில், கம்ப்யூட்டர் போட்டது சீட்டே அல்ல என்று அவனிடம் சொன்னேன். சீட்டு முகம் பார்க்காது. யுனைடெட்டின் விதிகளோ பயணி எந்த வகுப்புக் கட்டணம் கட்டினார், கம்பெனியின் அடிக்கடிப் பயணிகள் திட்டத்தில் என்ன அந்தஸ்தில் இருக்கிறார், எப்போது செக்-இன் செய்தார் என்றெல்லாம் பார்க்கும். மலிவான டிக்கெட் வாங்கியவன் தலைதான் முதலில் உருளும். இதற்குத் தேவசித்தம் என்று பெயர் வைத்தால் யாக்கோபின் நிருபம் நம்மைச் சும்மா விடாது. ஐசுவரியவானுக்கு நல்ல ஆசனமும் தரித்திரனுக்குப் பாதபடியும் காட்டுகிறவர்களை அது வெளுத்து வாங்குகிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. யோனாவின் மேல் சீட்டு விழுந்த பிறகும் அந்த மாலுமிகள் அவனைத் தூக்கவில்லை. நீ யார், எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்கிறார்கள். உன்னை என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்கிறார்கள். என்னைக் கடலில் போடுங்கள் என்கிறான். குற்றவாளி அவன்தான், சம்மதமும் கிடைத்தாயிற்று, புயலில் எல்லோர் உயிரும் ஊசலாடுகிறது. அப்போதும் கரைசேர்ந்துவிடலாமா என்று தண்டு வலித்துப் பார்க்கிறார்கள். முடியாமல் போன பிறகுதான், இந்த இரத்தப்பழி எங்கள்மேல் வரவேண்டாம் என்று கெஞ்சி, அவனைக் கடலில் விடுகிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் இஸ்ரவேலர் அல்ல. ஆளுக்கொரு தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள்.

சிகாகோவில் யாரும் தண்டு வலிக்கவில்லை. இன்னும் ஆயிரம் டாலர் கூட்டிச் சொல்லியிருந்தால் யாராவது எழுந்திருக்கக்கூடும். லூயிவில்லுக்குச் சாலை வழியாகச் சுமார் 480 கிலோமீட்டர். அந்த நாலு ஊழியர்களையும் காரில் ஏற்றிவிட்டிருந்தால் ஐந்து மணி நேரத்தில் போயிருப்பார்கள். இத்தனை கேவலத்துக்கும் பிறகு, தாமாக இடம் விடுகிறவருக்கு 10,000 டாலர்வரை தருவோம் என்று அதே கம்பெனி அறிவித்தது. ஆக, வலிக்கத் தண்டு இருந்தது.

அந்த நாலு ஊழியர்கள் போகாவிட்டால் லூயிவில்லில் ஒரு விமானமே நின்று எத்தனையோ பேர் தவித்திருப்பார்களே என்பார்கள். நியாயம்தான். பலருக்காக ஒருவன் என்ற அதே கணக்கு மாலுமிகளிடமும் இருந்தது, அதுவும் உயிர்க்கணக்கு. அவர்கள் அதைக் கடைசியில்தான் கையில் எடுத்தார்கள்.

கம்பெனித் தலைவர் ஆஸ்கர் முனோஸின் முதல் அறிக்கை, பயணிகளுக்கு ‘மாற்று ஏற்பாடு’ செய்ய வேண்டியிருந்ததற்காக வருந்தியது. உடைந்த மூக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் முழு மன்னிப்பு வந்தது.

2018-இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றி, சரிபார்த்து ஏற்றிவிட்ட பயணியை இடமில்லை என்று இறக்கக்கூடாது என்றது. வாசலில் போர்டிங் பாஸோடு நிற்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலில் யாராவது விட்டுக்கொடுக்கிறார்களா என்று கேட்பார்கள். ஒருவரும் முன்வராவிட்டால், கட்டணத்தையும் அந்தஸ்தையும் பார்த்து இன்றைக்கும் அவரை நிறுத்திவைக்கலாம்.