உள்ளத்தில் ஒளிந்திருக்கும் ஜாஹிலிய்யத்



நம் வீட்டுப் பிள்ளை பட்டம் பெற்று வேலைக்கு மனுப் போடுகிறான். அதே படிப்பும் அதே மதிப்பெண்ணும் உள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அழைப்பு வருகிறது. நம் பிள்ளைக்கு வருவதில்லை. பேரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டார்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். இது வெறும் மனக்குறையா, உண்மையா என்று சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்னும் இரு பேராசிரியர்கள், தனியார் நிறுவனங்கள் பத்திரிகையில் கொடுத்த வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுள்ள மனுக்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். மொத்தம் 4,808 மனுக்கள். 2007இல் முடிவு வெளியாயிற்று. உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! மனுவைப் பிரித்தவர் அந்த இளைஞனைக் கண்ணால் கண்டதில்லை. அவன் பெயர் ஒன்றே அவனுக்குக் குற்றமாகிவிட்டது.

இந்தச் செய்தியைச் சொன்னால் நம் சபைகளில் பெருமூச்சு எழும். அது நியாயமே. ஆனால் மார்க்கம் பேச வந்தவன் பிறர் நமக்குச் செய்யும் அநீதியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடக் கூடாது. அதே தராசில் நாம் மற்றவரை எப்படி நிறுக்கிறோம் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் லாபியர் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அந்நாட்டில் சீனர்கள் மீது வெறுப்பு மிகுந்திருந்தது. அவர் ஒரு சீனத் தம்பதியரைக் காரில் அழைத்துக்கொண்டு நாடெங்கும் சுற்றினார். 251 விடுதிகளிலும் உணவுக் கடைகளிலும் நுழைந்ததில் ஒரே ஓர் இடத்தில்தான் இல்லையென்றார்கள். பிறகு அதே இடங்களுக்கு, சீனரை ஏற்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள்! வாய் சொல்வது வேறு, கை செய்வது வேறு என்பதை 1934இல் அவர் எழுதிக் காட்டினார்.

நம் நிலை இதற்கு நேர் தலைகீழ். நம்மிடம் கடிதம் போட்டுக் கேளுங்கள். இஸ்லாத்தில் உயர்வு தாழ்வு இல்லை, எல்லோரும் ஆதமின் மக்கள் என்று அத்தனை பேரும் அழகாக எழுதுவோம். ஹஜ்ஜத்துல் விதாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை, அரபிக்கு அரபியல்லாதவர் மீதும் வெள்ளையருக்குக் கறுப்பர் மீதும் தக்வாவைக் கொண்டன்றி மேன்மை இல்லை என்பதை, மனப்பாடமாகச் சொல்வோம். கதவைத் தட்டிக்கொண்டு ஆள் வந்து நிற்கும்போதுதான் சங்கதி தெரியும்.

கொல்லிமலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சி என்றோர் ஊர். மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் என்று ஆண்டுக்கான மசாலாச் சாமான்களை மொத்தமாக வாங்க அதன் சந்தைக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருவார்கள். மலையில் மிளகும் காப்பியும் வாழையும் விளைவிக்கிறவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். (பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ண வேண்டாம்; அவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) அந்தச் சந்தையில் நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அறுபது வயது தாண்டிய ஒரு மலைக்காரப் பெரியவர் மிளகு மூட்டையை இறக்கிவைத்து நிற்கிறார். கடையில் இருந்தவர் நம்மவர். தலையில் தொப்பி, நெற்றியில் ஸஜ்தாவின் தழும்பு. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அந்தப் பெரியவரை, "என்னடா, ஈரத்தோட கொண்டாந்திருக்கே?" என்று கேட்டார். அடுத்து, காரில் வந்து இறங்கிய நகரத்து வாடிக்கையாளர் ஒருவரிடம், "வாங்க சார், உட்காருங்க" என்றார். இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடும் நேரம்கூட இல்லை. அவர் கெட்டவரா? லுஹருக்குப் பாங்கு சொன்னதும் முதல் ஆளாக எழுந்தவர் அவரே. தாம் ஒரு தவறு செய்ததாகவே அவருக்குத் தெரியாது. அதுதான் இந்த நோயின் கொடுமை.

எடை சரியாகத்தான் போட்டார். அளவையில் குறைப்பவருக்குக் கேடுண்டு என்று எச்சரிக்கும் முதஃப்பிஃபீன் ஸூராவை அவர் அறிந்திருப்பார். மிளகை நிறுத்த கையால் மனிதனைக் குறைத்து நிறுத்தால் அதற்குக் கணக்கில்லையா? ஹுஜுராத் ஸூராவில் அல்லாஹ் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், இழிவான பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறான். பரிகசிக்கப்படுகிறவர் இவர்களைவிடச் சிறந்தவராக இருக்கலாம் என்றும் உணர்த்துகிறான். கோத்திரங்களும் கூட்டங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற பிரகடனம் அதற்கு அடுத்தாற்போல்தான் வருகிறது. நாவைத் திருத்திய பின்னரே சமத்துவத்தைச் சொல்லும் அந்த வரிசையைக் கவனியுங்கள்.

வெறும் 'டா' தானே, இதில் என்ன வந்துவிட்டது என்பீர்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 642 பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்ப் பாதைப் படங்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் உயர்சாதி, பாதிப் பேர் தாழ்த்தப்பட்ட சாதி. சாதியைச் சொல்லாதபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்தார்கள். எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொருவன் பெயரோடும் சாதியைச் சேர்த்து வாசித்தபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தீர்த்த புதிர்கள் கணிசமாகக் குறைந்துபோயின! அதே பிள்ளை, அதே மூளை. யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. நீ இன்னாருடைய மகன் என்று நினைவூட்டினார்கள், அவ்வளவே. அந்த மலைக்காரப் பெரியவரோடு மூட்டை பிடிக்க ஒரு பேரன் வந்திருந்தான். அவன் காதில் விழுந்த அந்த ஒற்றைச் சொல்லை நினைத்துப் பாருங்கள்.

அபூதர் (ரலி) அவர்களைப் போன்ற உத்தம ஸஹாபியின் நாவிலும் ஒருமுறை இது வந்துவிட்டது. ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். அம்மனிதர் பிலால் (ரலி) என்று விரிவுரையாளர்கள் சிலர் கூறுவர். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்தின் குணம் இருக்கிறதே என்று அண்ணலார் கண்டித்தார்கள். சிலையை விட்டுவிட்டார், மதுவை விட்டுவிட்டார். ஆனாலும் ஒரு மூலையில் அது ஒளிந்துகொண்டிருந்தது! பிற்காலத்தில் ரபதாவில் அபூதர் (ரலி) அவர்களைக் கண்டவர்கள், அவர்களும் அவர்களுடைய ஊழியரும் ஒரே வகை ஆடை அணிந்திருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டபோது, இந்தச் சம்பவத்தைத் தாமே எடுத்துச் சொன்னார்கள். உண்பதையே உண்ணக் கொடு, உடுப்பதையே உடுக்கக் கொடு என்ற நபிகளாரின் கட்டளைக்கு அவர்கள் செலுத்திய கீழ்ப்படிதல் அது.

பழகப் பழக இந்த வேற்றுமை தானே மறைந்துவிடும் என்பார் உண்டு. அப்படியானால் தலைமுறை தலைமுறையாக வாரந்தோறும் கூடும் சந்தைகளில் அது என்றோ மறைந்திருக்க வேண்டுமே! கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1954இல் எழுதிய நூலில் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது. சம அந்தஸ்தோடு நிற்க வேண்டும், ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பெரியவர்களின் ஆதரவும் அதற்கு இருக்க வேண்டும் என்கிறார். உத்தரப் பிரதேசத்திலேயே சில ஆண்டுகளுக்கு முன் மேத்யூ லோ என்பவர் கிராமத்து இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் பந்தயங்கள் நடத்திப் பார்த்தார். பல சாதியாரும் ஒரே அணியில் ஆடியபோது நட்பு வளர்ந்தது. எதிரணியாக மோதியபோது அப்படி வளரவில்லை. விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிர் அணிதானே!

இவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும் நிபந்தனைகள் அத்தனையும் ஐவேளை ஸஃப்பில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தோளோடு தோள், ஒரே கிப்லா, ஒரே இமாம். ஆனால் ஸலாம் கொடுத்து எழுந்து வாசற்படி தாண்டியதும் ஸஃப் கலைந்துவிடுகிறது. 1981 பிப்ரவரியில் நெல்லைச் சீமை மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். சாதிக் கொடுமையிலிருந்து விடுதலை தேடி வந்தவர்கள் அவர்கள். நாடே திரும்பிப் பார்த்தது. நாமும் தக்பீர் முழங்கினோம். இன்று அவ்வாறு வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலம். எந்த ஊராக இருந்தாலும் சரி, அப்படி வந்த குடும்பத்தாரிடம் நம் ஜமாஅத்தார் சம்பந்தம் பேசியதுண்டா? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி என்ற வட்டங்களைத் தாண்டியே பேசாதவர்கள் அதற்கு எங்கே போவார்கள்?

உடனே ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், குஃபூ என்று கிதாபில் இருக்கிறதே!" என்பார். இருக்கிறது, நாமும் ஓதியிருக்கிறோம். பெண்ணுக்கும் அவளுடைய வலிக்கும் உள்ள ஓர் உரிமையாகவே நம் இமாம்கள் பெரும்பாலோர் அதைப் பேசுகிறார்கள். அவர்கள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் நிறைவேறும். விட்டுக்கொடுக்க முன்வருகிற குடும்பத்தை ஊர் பரிகசிப்பதற்கு எந்தக் கிதாபில் அனுமதி இருக்கிறது? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) குறைஷிக் குலப் பெண். முஆவியாவும் அபூஜஹ்மும் பெண் கேட்டிருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த அம்மையாருக்கு முதலில் மனமில்லை. மறைக்காமல் அதைச் சொல்லவும் செய்தார்கள். மீண்டும் நபிகளார் உஸாமாவையே சொல்ல, சம்மதித்தார்கள். அந்த மணவாழ்வில் அல்லாஹ் நன்மை வைத்தான் என்றும், மற்றப் பெண்கள் தம்மைக் கண்டு ஏங்கினார்கள் என்றும் பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.