ஏடு இல்லாத விமானம்

அமெரிக்காவில் சொந்தமாகச் செஸ்னா 172 விமானம் வைத்திருப்பவர், 12 மாதத்துக்கு ஒருமுறை அதை முழுச் சோதனைக்கு விட வேண்டும். செய்த வேலை, தேதி, கையெழுத்து, உரிம எண் எல்லாவற்றையும் மெக்கானிக் விமானத்தின் பராமரிப்பு ஏட்டில் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால், எல்லாம் சரியாக இருந்தாலும் விமானம் சட்டப்படி பறக்கக் கூடாது. கறாரான விதிதான். ஆனால் மூடிய எஞ்சினுக்குள் என்ன மாற்றினார்கள் என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரண வேலைகளின் பதிவை ஓராண்டுக்குப் பின் வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. விவரமறிந்தவர்கள் அதையும் தூக்கிப்போடுவதில்லை. மொத்தம் ஓடிய மணிநேரம், ஆயுள் வரம்புள்ள பாகங்களின் கணக்கு, பாதுகாப்பு உத்தரவுகளை நிறைவேற்றிய விவரம் ஆகியவை விற்கும்போது விமானத்தோடு வாங்குபவர் கைக்குப் போக வேண்டும். ஏடு தொலைந்துவிட்டால், எவ்வளவு பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும் விலை இறங்கிவிடும்.