மணியடிக்க ஆளில்லாதவர்கள்

கடந்த சில மாதங்களில் மூன்று த்ரில்லர்களை அடுத்தடுத்து வாசித்தேன். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' (2005), டச்சு எழுத்தாளர் ஹெர்மன் கோக்கின் 'தி டின்னர்' (2009), அமெரிக்காவின் வில்லியம் லாண்டே எழுதிய 'டிஃபென்டிங் ஜேக்கப்' (2012). திட்டம் போட்டு எடுத்தவை இல்லை. ஆனால் மூன்றும் ஒரே கேள்வியில் வந்து நின்றன. நம்ம வீட்டு ஆள் ஒரு கொலை செய்துவிட்டால் நாம் என்ன செய்வோம்?

முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, மூன்றையும் முடித்துக்கொண்டு வரலாம். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

முதலில் ஹிகாஷினோ. யசுகோ ஒரு பென்டோ கடையில் வேலை பார்ப்பவள். பள்ளிக்குப் போகும் மகள் மிசாத்தோவோடு தனியாக வாழ்கிறாள். காசு கேட்டுத் தொல்லை செய்யும் முன்னாள் கணவன் ஒருநாள் வீட்டுக்கே வருகிறான். கைகலப்பில் அம்மாவும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். அதன்பிறகு போலீஸ் எத்தனை முறை விசாரித்தாலும் யசுகோவின் சாட்சியம் உடைவதே இல்லை. காரணம் கடைசியில்தான் தெரிகிறது. மறுநாள் இஷிகாமி வேறொரு மனிதரைக் கொன்று, முகத்தைச் சிதைத்து, அவர்தான் அந்த முன்னாள் கணவன் என்று நம்பவைத்திருக்கிறார். போலீஸ் விசாரிப்பது மறுநாள் கொலையை. அன்று யசுகோ நிஜமாகவே சினிமாவுக்குப் போயிருந்தாள்.

கொல்லப்பட்டவர் ஆற்றங்கரையில் தங்கியிருந்த வீடற்றவர். அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவர். தொழில்துறைப் பத்திரிகை ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பார். அதனால் இஷிகாமி அவருக்கு மனசுக்குள் வைத்த பெயர் 'இன்ஜினியர்'.

கோக்கின் நாவல் ஒரே ஒரு இரவு விருந்தில் நடக்கிறது. பால், செர்ஜ் என்ற அண்ணன் தம்பி இருவரும் மனைவிகளோடு ஒரு விலை உயர்ந்த உணவகத்தில் சந்திக்கிறார்கள். இருவரின் மகன்களும் சேர்ந்து, ஏடிஎம் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வீடற்ற பெண் ஒருத்தியைக் கொன்றிருக்கிறார்கள். பிரதமர் வேட்பாளரான செர்ஜ் உண்மையைச் சொல்லிவிட்டுப் போட்டியிலிருந்து விலக நினைக்கிறான். அவன் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நிற்க முடியாதபடி, உடைந்த கண்ணாடியால் அவன் முகத்தைக் கிழிப்பவள் பாலின் மனைவி கிளேர். அந்த வீட்டில் இன்னொரு பையனும் இருக்கிறான். செர்ஜ் தம்பதி புர்கினா ஃபாசோவிலிருந்து தத்தெடுத்த போ. நடந்ததன் வீடியோவை வைத்துக்கொண்டு மிரட்டியவன். அவன் காணாமல் போகிறான். என்ன ஆனான் என்பதை நாவல் நம் ஊகத்துக்கே விட்டுவிடுகிறது.

லாண்டேயின் நாவலில் அப்பா ஆண்டி பார்பர் அரசு வழக்கறிஞர். பதினான்கு வயது மகன் ஜேக்கப், வகுப்புத் தோழனைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்படுகிறான். மகனின் அலமாரியில் கிடைத்த கத்தியை ஆண்டியே அப்புறப்படுத்துகிறான். வழக்கு முடியும் தறுவாயில், சிறுவர்களிடம் தவறாக நடந்து ஏற்கெனவே தண்டனை பெற்ற லியோனார்ட் பாட்ஸ் என்பவன் வாக்குமூலம் எழுதிவைத்துவிட்டுத் தூக்கில் தொங்குகிறான். ஜேக்கப் விடுதலை. பிறகுதான் தெரியவருகிறது, சிறையில் இருக்கும் தாத்தா ஆள் அனுப்பி நடத்திய வேலை அது. அதோடு முடியவில்லை. விடுமுறைக்குப் போன ஜமைக்காவில் ஜேக்கப்போடு பழகிய ஒரு பெண் காணாமல் போகிறாள். ஊர் திரும்பிய அம்மா லாரி, ஒருநாள் மகனை உட்காரவைத்து ஓட்டிப்போகும் வண்டியைச் சுவரில் மோதுகிறாள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நாம் பேசுவதெல்லாம் குடும்பத்துக்கும் சட்டத்துக்கும் நடக்கும் இழுபறியைப் பற்றித்தான். தாய்ப்பாசமா நீதியா, அப்பாவா அரசு வழக்கறிஞரா என்று. ஆனால் விலை கொடுத்தவர்கள் யார்? இன்ஜினியர், ஏடிஎம்மில் தூங்கியவள், பாட்ஸ். தேடிக்கொண்டு வர ஆளில்லாதவர்கள். போவுக்கு ஒரு குடும்பம் இருந்தது, ஆனால் அந்தக் குடும்பத்தில் அவன் இடம் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதை அவன் காணாமல் போன விதமே சொல்லிவிடுகிறது.

என் வேலையில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பழைய மென்பொருளில் ஒரு பகுதியை நீக்கும் முன், வேறு எதுவும் அதை நம்பி இருக்கிறதா என்று தேடுவோம். எதுவும் இல்லை என்றால் தயங்காமல் அழித்துவிடலாம், எங்கும் எதுவும் உடையாது. இஷிகாமி செய்த தேடல் இதேதான். இந்த மனிதர் இல்லாமல் போனால் எந்த வீட்டில் விளக்கு அணையாமல் காத்திருக்கும்? எந்த வீட்டிலும் இல்லை. அப்படியென்றால் சரி.

இந்தக் கேள்வி பழையது. கன்ஃபூசியஸிடம் ஒரு சிற்றரசன் பெருமையாகச் சொன்ன கதை உண்டு. எங்கள் ஊரில் ஒருவன் அவ்வளவு நேர்மையானவன், அப்பா ஆடு திருடியபோது அவனே சாட்சி சொன்னான் என்று. கன்ஃபூசியஸ் அதை ஏற்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்பா மகனை மறைப்பார், மகன் அப்பாவை மறைப்பான், நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது என்கிற பொருளில் பதில் சொன்னார். பிற்காலத்தில் சீனாவின் தாங் அரச வம்சச் சட்டமே உறவினர் ஒருவரையொருவர் மறைப்பதை அனுமதித்தது. ஆட்டுக்காரன் இந்த உரையாடலில் எங்கே? அவனுக்குப் பெயரும் இல்லை, வசனமும் இல்லை.

இன்றைய சட்டங்களும் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குகின்றன. ஜெர்மனியில், தண்டனையிலிருந்து நெருங்கிய உறவினரைக் காப்பாற்ற முயன்றவரைத் தண்டிப்பதில்லை. ஜப்பானில் நீதிமன்றம் நினைத்தால் விட்டுவிடலாம். இந்தியாவில், குற்றவாளிக்கு அடைக்கலம் தருவதைத் தண்டிக்கும் பிரிவில் (பழைய ஐபிசி 212, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 249) கணவன் மனைவிக்கு மட்டுமே விலக்கு. அம்மாவுக்குக் கிடையாது. அம்மா பாட்டு இல்லாமல் படம் எடுக்கத் தெரியாத ஒரு நாட்டில் இப்படி!

'சொல்றது சுலபம், உன் புள்ளைன்னா தெரியும்' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு தாய் தன் மகனைக் கையோடு கூட்டிப்போய் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் மறைப்பது என்ற ஒரே சொல்லுக்குள் ரெண்டு காரியங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளை என்ன செய்திருந்தாலும் அவனைக் கைவிடாமல் இருப்பது ஒன்று. அவன் செய்ததற்கான கணக்கை இன்னொருவர் தலையில் எழுதுவது வேறொன்று. முதலாவதை அன்பு என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதும் அதே பெயரில்தான் உள்ளே வருகிறது.

இந்த ரெண்டையும் பிரித்துக்காட்டிய ஒரு நிஜ மனிதர் டேவிட் கசின்ஸ்கி. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் குண்டுகளை அனுப்பி 3 பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்திய 'யுனாபாம்பர்', 1995 செப்டம்பரில் 35,000 சொற்கள் கொண்ட தன் அறிக்கையை 'வாஷிங்டன் போஸ்ட்'டில் வெளியிடவைத்தார். அதை எழுதியது தன் அண்ணன் டெட்தானோ என்ற சந்தேகம், முதலில் டேவிட்டின் மனைவிக்கும் பிறகு டேவிட்டுக்கும் வந்தது. சும்மா இருந்தால் அடுத்த பார்சல் யாரோ ஒருவர் கையில் வெடிக்கும். சொன்னால் அண்ணனுக்கு மரண தண்டனை கிடைக்கலாம். டேவிட் சொன்னார். 1996 ஏப்ரலில் டெட் கைதானபிறகு, மரண தண்டனை கூடாது என்று அதே டேவிட் போராடினார். டெட்டுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023இல் சாகும்வரை அவர் தம்பியை மன்னிக்கவில்லை. டேவிட் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடவில்லை, குண்டில் காயமடைந்த ஒருவரோடு நட்பும் கொண்டார். பார்சலைப் பிரிக்கப்போகும் முகம் தெரியாத கை ஒன்றை அண்ணனின் முகத்துக்குப் பக்கத்திலேயே அவரால் வைத்துப் பார்க்க முடிந்தது.

நம் ஊருக்கு வருவோம். 'பாபநாசம்' (2015) பார்த்த எல்லோரும் சுயம்புலிங்கத்தின் பக்கம்தான் நின்றோம். அதில் செத்தவன் ஐஜியின் மகன். அதனால் ஒரு மாவட்டமே புரட்டிப்போடப்படுகிறது. கடைசியில் அந்தப் பெற்றோர் வந்து நிற்கும்போது சுயம்புலிங்கம் குரல் உடைகிறது, நமக்கும் தொண்டை அடைக்கிறது. தேடுவதற்கு ஒரு அம்மா இல்லையென்றால் அந்தப் படமே இல்லை. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையும் யோசித்தால் இதுதான். தேரில் அடிபட்ட கன்றுக்கு ஒரு தாய்ப்பசு இருந்தது, அது வந்து மணியை அடித்தது, ராஜா மகனைத் தேர்க்காலில் இட்டான். மணி அடிக்கப்பட்டதால் கிடைத்த நீதி. கன்று அநாதையாக இருந்திருந்தால்?

இஷிகாமி கதையிலும் ஒரு மணிச் சத்தம் உண்டு. வாழ்வதில் அர்த்தமில்லை என்று தூக்கு மாட்டிக்கொள்ளப் போன நேரத்தில் வாசலில் அழைப்பு மணி அடிக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த யசுகோவும் மகளும் அறிமுகம் செய்துகொள்ள வந்திருக்கிறார்கள். அந்த மணியால்தான் அவர் உயிர் பிழைக்கிறார். யாருமில்லாதவராக இருப்பது எப்படி என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், தனக்கென்று ரெண்டு பேர் கிடைத்ததும் யாருமில்லாத இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கிறார். எனக்கு மூன்று நாவல்களிலும் மிகவும் பயமாக இருந்த இடம் இதுதான். இவ்வளவுக்கும் அவர் கெட்டவர் இல்லை.

கொலை வரைக்கும்கூடப் போக வேண்டாம். பையன் காரை யார் மேலோ ஏற்றிவிட்டால், 'டிரைவர் ஓட்டினதா சொல்லிக்கலாம், அவன் குடும்பத்தை நாம பாத்துக்கலாம்' என்ற யோசனை எத்தனை வீடுகளில் பாசத்தின் குரலிலேயே வரும்! அங்கே பேரம் பேசப்படுவது டிரைவரோடு. நடைபாதையில் படுத்திருந்தவர் அந்தப் பேச்சிலேயே இல்லை.

பாட்ஸ் தூக்கில் தொங்கியதைப் படித்தபோது, ஜேக்கப் தப்பித்தான் என்று ஒரு நிமிடம் ஆசுவாசமாகத்தான் இருந்தது. த்ரில்லர் அப்படித்தான் வேலை செய்கிறது, நம்மையும் அந்த வீட்டு ஆளாக்கிவிடுகிறது. ஆனால் இன்ஜினியர் அன்று எதற்காக இஷிகாமி பின்னால் போனார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். ரொம்ப நாளுக்குப் பிறகு ஒருவர் தேடி வந்து கேட்டிருக்கிறார். அவர் சரி என்றார்.