அவையச்சமும் அதன் மருந்தும்
(கஞ்சிக்கோட்டில் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய தரும உரை)



பகவன் புத்தர் மனிதரை வாட்டும் அச்சங்களை ஐந்தாக வகுத்தருளினார். பிழைப்பு என்னாகுமோ என்பது ஒன்று. ஊரார் பழிப்பரோ என்பது இரண்டு. அவையின் முன் நாக்குழறிக் கூசுதல் மூன்று. சாவச்சம் நான்கு. மறுமையில் தீக்கதி நேருமோ என்பது ஐந்து. அங்குத்தர நிகாயத்தின் ஒன்பதாம் நிபாதத்தில் இவை காணப்படும். சாவச்சம் நிற்கும் வரிசையிலே சபையச்சத்தையும் நிறுத்தியது மிகையன்றோ எனச் சிலர் கேட்கலாம். அந்நோயுற்றவரைக் கேளுங்கள், மிகையன்று என்பர். திருவள்ளுவரும் ‘அவையஞ்சாமை’ என்று தனி அதிகாரமே வகுத்தாரன்றோ? இன்றைய மருத்துவர் இதனைச் சமூகப் பதற்றக் கோளாறு என வழங்குகின்றனர். நாம் அவையச்சம் என்றே கூறுவோம்.

நால்வகை வாய்மை மருத்துவன் முறையை ஒத்தது. நோய் இன்னதெனக் காணுதல், அதன் மூலத்தை ஆராய்தல், தீரும் எனத் தெளிதல், தீர்க்கும் வழியில் நிற்றல் ஆகிய நான்குமே அம்முறை. இதனையும் அவ்வாறே ஆராய்வோம்.

நோய்

கூச்சம் வேறு, நோய் வேறு. புதியவர் முன் நா வறளுதல் எல்லார்க்கும் உண்டு. சிறிது பொழுதில் தானே அடங்கும். பிறர் என்னைப் பார்க்கின்றனர், பார்த்து இகழ்வர் என்னும் எண்ணம் ஆறு மாதங்களுக்கு மேலும் நீங்காது நின்று, செய்யவேண்டிய செயலையே தடுக்குமாயின் அது நோய் எனப்படும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், சொல்ல வந்த சொல் மறந்துபோகும்.

நம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையிலே தமிழும் மலையாளமும் இந்தியும் கலந்து ஒலிக்கின்றன. பலர் காண உண்ணக் கூசி, சாப்பாட்டு மணி அடித்ததும் யாருமில்லாத மூலையைத் தேடுபவர் உண்டு. வங்கிக் குமாஸ்தா பார்த்திருக்கக் கையொப்பமிட அஞ்சி, மகனை அனுப்புபவர் உண்டு. மேஸ்திரி வேலை தருகின்றோம் என்றால், பத்துப் பேர் முன் பேசவேண்டுமே என்று அதனை வேண்டாவென்பவர் உண்டு. உடம்பிலே கட்டி கண்ட தாய், மலையாளம் பிழையாக வருமோ, மருத்துவர் நகைப்பாரோ என நாள் கடத்தி, நோய் முற்றிய பின் ஆஸ்பத்திரி சேர்வதும் உண்டு. இத்தகையோரை உலகம் ‘திமிர் பிடித்தவன்’ என்கிறது. ‘பழகத் தெரியாதவள்’ என்கிறது. நோயுற்றவரும் அதனையே நம்பித் தம் துன்பத்தை மறைக்கின்றார்.

மறைத்தல் இந்நோயின் இயல்பாகலின், மருத்துவ உலகமும் இதனைப் பிந்தியே கண்டது. 1966இல் லண்டனில் மார்க்ஸ், கெல்டர் என்னும் மருத்துவர் இருவர் இதனை ஏனைய அச்சங்களினின்றும் பிரித்துக் காட்டினர். 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது.

நோயின் மூலம்

‘எல்லாம் முற்பிறப்பு வினை’ என்று கூறி இதனைத் தள்ளிவிடுவோர் உளர். மோலியசீவகன் என்னும் பரிவிராசகன் இத்தகைய கொள்கையைப் பற்றி வினவியபோது, பகவன் அதனை ஒப்பவில்லை. பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் முதலாக எட்டுக் காரணங்களை எண்ணி, வினையை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். ஆகவே நாமும் பல சார்புகளை நோக்குதல் வேண்டும்.

பிறவியிலேயே ஒடுங்கும் இயல்புடைய குழந்தைகள் உண்டு. இவ்வியல்பு பெற்றோர் வழியாகவும் ஓரளவு வருகின்றது. மூளையினுள் அமிக்டலா என்னும் சிறு பகுதி அபாயத்தை அறிவிக்கும் மணி போன்றது. இந்நோயுடையார்க்கு, பார்க்கும் முகத்தைக் கண்டே அம்மணி அளவுக்கு மீறி ஒலிக்கின்றது. பெரும்பாலும் பிள்ளைப் பருவம் கடந்து வாலிபம் தொடங்கும் வயதிலே நோய் தலைகாட்டும். அவ்வயதில் வகுப்பிலே பட்ட ஏளனமும் வீட்டிலே கேட்ட ஓயாத கண்டிப்பும் அதற்கு எருவாகும்.

நம்மவர்க்கு இன்னொரு சார்பும் உண்டு. டாக்டர் அம்பேத்கர் பள்ளிச் சிறுவராயிருந்தபோது, தாம் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கின்மேல் தனித்தே அமர்ந்தார். பியூன் வாராத நாளில் அவர்க்குத் தண்ணீர் இல்லை. நாள்தோறும் ‘தள்ளி நில்’ என்று கேட்ட செவி, ஒருவரும் சொல்லாத இடத்திலும் அச்சொல்லைக் கேட்கும். தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டோர் நெஞ்சில் அவையச்சம் பிறரால் விதைக்கப்பட்டதும் ஆகும்.

எனினும் சாதியிழிவு ஒன்றே காரணமென்பது பிழை. காந்தியார் சீமையில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891இல் திரும்பியவர். பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிற்கு எழுந்து நின்றார், தலை சுழன்றது, ஒரு கேள்வியும் கேட்க இயலாது அமர்ந்து, வழக்கை வேறொருவரிடம் விடச் சொன்னார். உயர்ந்த குலமும் சீமைப் படிப்பும் அவ்வேளை அவரைக் காக்கவில்லை. அவரே 1893இல் பிரிட்டோரியாவில் இந்தியர் கூட்டத்தில் தம் முதற் பொதுப் பேச்சை நிகழ்த்தினார்.

தோன்றிய அச்சம் நிலைத்து நிற்பது எதனால்? கிளார்க், வெல்ஸ் என்னும் உளவியலார் 1995இல் இதனை விளக்கினர். அஞ்சுபவர் எதிரிலுள்ளவரைப் பார்ப்பதில்லை; தம்மையே பார்க்கின்றார். ‘என் கை நடுங்குகிறதா? என் குரல் எப்படி இருக்கிறது?’ என்று உள்ளேயே நோக்குகின்றார். முகத்தைத் திருப்புதல், கையைப் பைக்குள் மறைத்தல், விரைவில் வெளியேறுதல் முதலியவற்றால் தப்பித்துக்கொள்கின்றார். தப்பித்ததனால்தான் பிழைத்தோம் என்று மனம் தவறாகக் கற்றுக்கொள்ளும். வீடு வந்தபின் நடந்ததை இரவெல்லாம் கிளறுவார். இவ்வாறு அச்சம் தானே தனக்கு உணவு தேடிக்கொள்கின்றது.

தீரும் என்பது

மஜ்ஜிம நிகாயத்துப் பயபேரவ சூத்திரத்தைக் கேளுங்கள். போதி பெறுமுன் பகவன் அச்சந்தரும் காட்டுக் கோயில்களில் வேண்டுமென்றே இரவு தங்கினார். மயில் ஒரு சுள்ளியை முறித்தாலும், காற்று சருகை அசைத்தாலும் அச்சம் வந்ததென்று அவரே ஜானுஸ்ஸோணி என்னும் பிராமணனிடம் கூறினார். நடக்கும்போது அச்சம் வந்தால், நடந்தபடியே அதனை அடக்கும்வரை அவர் நிற்கவில்லை, அமரவில்லை, படுக்கவில்லை. அமர்ந்திருக்கும்போது வந்தால், அமர்ந்தபடியே வென்றார். ததாகதர் ஆகவிருந்தவர்க்கே அச்சம் வந்ததென்றால், நமக்கு வருவது இழிவோ?

இன்றைய உளமருத்துவத்தின் சிறந்த முறையும் இதனோடு ஒத்தது. எந்த இடத்தில் அச்சம் வருகின்றதோ அவ்விடத்திலேயே, அது தணியும்வரை தங்குதல் அம்முறை. ஆலைத் தொழிலாளர்க்கு இது எளிதில் விளங்கும். ஓர் இழை அறுந்தால் பிரேம் முழுவதையும் நிறுத்துவதில்லை. பிரேம் ஓடும்போதே அவ்விழையை ஒட்டுகின்றோம். வாழ்க்கையை நிறுத்திவிட்டு அச்சத்தைத் தீர்ப்போம் என்பவர்க்கு இரண்டும் கைகூடா.

தீர்க்கும் வழி

முதலாவது, படிப்படியாகச் செல்லுதல். இன்று நண்பர் ஒருவர் முன் உண்ணுங்கள். அது பழகியபின் உணவுக்கூடத்தின் ஓரத்திலே, பின்னர் நடுவிலே. வங்கிக்கு நீங்களே செல்லுங்கள். மலையாளம் பிழைபட்டாலும் வழி கேளுங்கள். போகுமுன் ‘என்ன நேரும் என அஞ்சுகின்றேன்’ என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வந்தபின் என்ன நேர்ந்தது என எழுதுங்கள். எல்லோரும் சிரிப்பர் என்று எழுதினீர்களே, எத்தனை பேர் சிரித்தனர்? அவையில் இருக்கும்போது உள்ளே நோக்காது, பேசுபவரின் முகத்தையும் சொல்லையும் நோக்குங்கள். ஸ்மிருதி என்பது தன் நடுக்கத்தையே எண்ணிக்கொண்டிருப்பதன்று.

இரண்டாவது, மருத்துவரை நாடுதல். பயிற்சி பெற்ற உளவியலார் இப்படிகளை உடனிருந்து நடத்துவர். நோய் கடுமையாயின் செர்ட்ராலைன், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவர். அவை பயன் தரச் சில வாரங்கள் ஆகும்; நாமே திடீரென நிறுத்துதல் கூடாது. உடனே பதற்றம் தணிக்கும் உறக்க மாத்திரை வகைகள் பழக்கத்திற்கு அடிமையாக்கும். மேடை நடுக்கத்திற்குத் தரப்படும் புரோபிரனலாலை ஆஸ்துமா உடையார் உண்ணலாகாது. பஞ்சுத் தூசியால் மூச்சிழுப்புக் கண்ட ஆலைத் தொழிலாளர் அதனை மருத்துவரிடம் மறவாது கூறுக. ஆஸ்பத்திரிக்குப் போகவே அச்சமெனில், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசச் சேவைக்கு 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசலாம். முகம் காட்டவேண்டியதில்லை.

மூன்றாவது, மதுவை விலக்குதல். ‘ஒரு கிளாஸ் போட்டால் கல்யாண வீட்டில் பேச்சு வருகிறது’ என்பர். ஒரு மணி நேரம் வரும். மறுநாள் நடுக்கம் இரட்டிக்கும். பின்னர் குடியின்றிப் பேச்சே வாராது. ஐந்தாம் சீலம் இந்நோயாளர்க்கு மருந்தும் ஆகும்.

நான்காவது அவையின் கடமை. ஐந்து அச்சங்களையும் கடக்க அறிவு, முயற்சி, குற்றமின்மை, சங்கிரகம் என்னும் நான்கு பலங்களைப் பகவன் கூறினார். சங்கிரகமாவது பிறரைத் தழுவிக்கொள்ளுதல். கொடை, இன்சொல், பயன்படும் செயல், சமமாக நடத்துதல் என்பன அதன் உறுப்புகள். அஞ்சுபவரிடம் மட்டும் ‘தைரியமாயிரு’ என்றுரைத்து, அவை தன் நகைப்பை விடாதிருத்தல் தகுமோ?

அவை தாங்கினால் என்ன நிகழும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. 2015 செப்டம்பரில், இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ‘பெம்பிளை ஒருமை’ என ஒன்றுகூடி, 20 சதவீதப் போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். அவர்க்கு நோயிருந்தது என்று கூறேன். ஆனால் அதற்குமுன் ஒரு மேடையும் ஏறாதவர் பலர், தோளோடு தோள் நின்றபோது, செய்தியாளர் காமிராவின் முன் தம் குறையைத் தம் சொல்லிலேயே உரைத்தனர்.

சுனீதரையும் நினையுங்கள். தெருக்கூட்டும் தொழிலினர், ராஜகிருகத்தில் பகவன் வரக்கண்டு, மறைய இடமின்றிச் சுவரோடு ஒட்டி நின்றார் என உரையாசிரியர் கூறுவர். பகவன் அவரைக் கடந்து செல்லவில்லை. ‘வா, பிக்குவே’ என அழைத்தார். சுவரோடு ஒட்டி நிற்பவர் இன்றும் நம் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருக்கின்றனர்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். இனி ஒவ்வொரு பௌர்ணமியிலும், இதுவரை வாய் திறவாத ஒருவர் பஞ்சசீலத்தை முன்னின்று படிப்பாராக. வற்புறுத்தல் வேண்டா, அவரே இசைந்த நாளில் படிக்கட்டும். வீட்டில் ஒருவர் முன்னும், பிறகு நால்வர் முன்னும் படித்துப் பழகி வரட்டும். குரல் நடுங்கினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவேண்டா. சொல் தடுமாறினால் ஒருவரும் எடுத்துக் கொடுக்கவேண்டா; அவர் அச்சொல்லைக் கண்டெடுக்கும்வரை காத்திருங்கள். அடுத்த பௌர்ணமிக்குப் படிக்க விரும்புவோர், இக்கூட்டம் கலைந்தபின் தனியே வந்து என்னிடம் கூறலாம். எழுதிக் கொடுத்தாலும் போதும்.

யாவர்க்கும் அச்சம் நீங்குக! மங்கலம் உண்டாகுக!